பத்து வீதம் இளநீர், ஆயிரம் வி-பக்ஸ்

2022ஆம் ஆண்டு எங்கள் குடும்ப வட்ஸ்அப்பில் இரண்டு வரிசைகளின் படங்கள் வந்தன. ஒன்று இலங்கையில் இருந்து. பெற்றோலுக்கும் சமையல் காஸுக்கும் பால்மாவுக்கும் சொந்தக்காரர் மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் நின்ற வரிசை. மற்றது வருடக் கடைசியில், இதே லண்டனில். அல்டி கடை திறக்க முதலே, குளிருக்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் தகப்பன்மார் நின்ற வரிசை. அது ஒரு குளிர்பானத்துக்கு. பெயர் பிரைம்.

உங்கள் வீட்டிலும் இந்தக் கூத்து நடந்திருக்கும். லோகன் போல், கே.எஸ்.ஐ. என்ற இரண்டு யூடியூப் பிரபலங்கள் 2022 ஜனவரியில் அமெரிக்காவில் தொடங்கிய பானம் அது. கே.எஸ்.ஐ. இங்கே வட்ஃபோர்டில் வளர்ந்தவர் என்பதால் எங்கள் பெடியளுக்கு அவர் பக்கத்து ஊர்க்காரர் மாதிரி. வருட நடுவில் அஸ்டாவுக்கு வந்தது. வந்த வேகத்தில் தீர்ந்தது. டிசம்பரில் அல்டி 1.99 பவுணுக்குப் போட்டது, ஒரு ஆளுக்கு ஒவ்வொரு சுவையிலும் ஒன்று மட்டும். அதே போத்தல் கோர்னர் ஷொப்புகளில் ஐந்து, பத்து, சில இடங்களில் அதற்கும் மேல் விலை போனது.

கவுண்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எங்கள் ஆட்கள் நின்ற வியாபாரம் இது. லண்டனில் கடை வைத்திருக்கும் ஒரு மாமாவோ சித்தப்பாவோ இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு. என் உறவில் ஒருவர் மிச்சம் பக்கம் கடை வைத்திருக்கிறார். "என்ன மாமா, எட்டுப் பவுணுக்கு விக்கிறீங்களாம்?" என்று கேட்டேன். "தம்பி, நானே விலை வைச்சனான்? பெடியள்தான் விலை வைச்சவை" என்றார். பொருளாதாரம் படித்தவர்கள் ஒரு பக்கம் எழுதிச் சொல்வதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் மச்சானுக்கு இதுதான் விளங்கவில்லை. "பெட்டியில போட்ட விலையை விடக் கூட்டி வித்தால் 1977க்கு அடிக்கலாமே, அங்க அப்பிடி ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டான். 1977 என்பது இலங்கையின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் தொலைபேசி எண். 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த அமைப்பு அது. பொருளில் குறித்த விலைக்கு மேல் விற்பது அங்கே குற்றம். இந்தியாவிலும் பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையைத் தாண்டி விற்கக்கூடாது. இங்கே அப்படி இல்லை. பரிந்துரைத்த விலை என்று ஒன்று சொல்வார்கள், அது பரிந்துரைதான். கடைக்காரர் எட்டுப் பவுண் போடலாம், எண்பதும் போடலாம். வாங்குகிறவருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு வாங்காமல் விடுவது.

இதை நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா? ஊரில் வளர்ந்த எங்கள் தாய் தகப்பனுக்கு விலை என்றால் அரசாங்கமோ கம்பனியோ போட்ட எண். எங்கள் பிள்ளைகளுக்கு விலை என்றால் திரையில் வருகிற எண். அது எங்கிருந்து வந்தது, ஏன் இன்றைக்கு இவ்வளவு என்று கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. ஒரு போத்தல் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பது அவளுடைய பெரியப்பாவின் ரகசியம். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் என் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின் பக்கத்தை வாசிக்கச் சொன்னார். பத்து வீதம் இளநீர், செறிவில் இருந்து தயாரித்தது. பிறகு இனிப்புக்கு சுக்ரலோஸ், விற்றமின்கள், சுவையூட்டி. "அப்ப மிச்சம் தொண்ணூறும் என்ன பிள்ளை?" என்று அம்மம்மா கேட்டார். "தண்ணி, அம்மம்மா" என்றாள் மகள், கொஞ்சம் யோசித்து. அந்தத் தண்ணீருக்குத்தான் இவ்வளவு சண்டையா என்று அம்மம்மா சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் நல்லது. குடித்து முடித்த வெறும் போத்தல் ஒரு வருடம் புத்தக அலுமாரியில் இருந்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். எல்லாக் கடையிலும் பிரைம் அடுக்கி வைத்திருந்தார்கள். அடுக்கி வைத்ததும் ஒருவருக்கும் வேண்டாமல் போய்விட்டது. 2024இல் பிரித்தானியாவில் அதன் விற்பனை முந்தைய வருடத்தை விட ஏறத்தாழ 70 வீதம் விழுந்தது. சுவை மாறவில்லை, போத்தல் மாறவில்லை. கிடைக்காது என்பது மட்டும் மாறியது. "அப்ப நாங்க வாங்கினது என்ன?" என்று போன வருடம் மகளிடம் கேட்டேன். "கிடைக்காததை வாங்கினம்" என்றாள். பதினொரு வயதுக்கு அது போதுமான பதில் என்று நினைக்கிறேன்.

எங்களுக்கு யார் சொல்லித் தந்தது?

இந்த இதழை வாசிப்பவர்களில் பெரும்பாலானோர் என்னைப் போல இங்கே வளர்ந்தவர்கள். யோசித்துப் பாருங்கள்: உங்களுக்குக் கடிதம் வாசிக்க, கணக்குப் பார்க்க, கம்பனியோடு கதைக்க யார் பழக்கியது? ஒருவரும் இல்லை. நாங்கள்தான் வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர்கள். பத்து வயதில் காஸ் பில்லை வாசித்து "இது மதிப்பிட்ட அளவு, உண்மையான அளவு இல்லையாம் அப்பா" என்று சொல்லியிருக்கிறோம். குரலைத் தடிப்பாக்கி "ஹலோ, திஸ் இஸ் மிஸ்டர்" என்று அப்பாவின் பெயரைச் சொல்லி ரெலிபோன் கம்பனியோடு கதைத்திருக்கிறோம். கவுன்சிலில் இருந்து வந்த சிவப்பு எழுத்துக் கடிதத்தை அம்மாவுக்குப் பயமில்லாத விதத்தில் தமிழில் சொல்லியிருக்கிறோம். அதை யாரும் நுகர்வோர் கல்வி என்று சொல்லவில்லை. சிலருக்கு அது பாரம், குழந்தைப் பருவத்தில் ஒரு பகுதியைத் தின்ற வேலை. ஆனால் அதில் நாங்கள் பழகினோம். பில்லில் பிழை இருக்கலாம், கேட்டால் திருத்துவார்கள், கேட்காவிட்டால் காசு போய்விடும் என்பது எங்களுக்குப் பதினொரு வயதில் தெரியும்.

எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளிக்கூடம் கிடையாது. பில் காகிதத்தில் வருவதில்லை. டைரக்ட் டெபிட்டில் போகிறது. கடையில் கார்ட்டைத் தட்டுகிறோம், இப்போது அதுவும் இல்லை, கையைத் தூக்கிக் கடிகாரத்தைக் காட்டுகிறோம். என் அம்மா வெள்ளிக்கிழமை இரவு சமையலறை மேசையில் காசை எண்ணி வாடகைக்கு ஒரு என்வலப், சீட்டுக்கு ஒரு என்வலப், ஊருக்கு அனுப்ப ஒரு என்வலப் என்று பிரிப்பார். சொல்லித் தராமலே பார்த்துப் பழகினோம். என் மகன் பார்ப்பது அப்பா போனைப் பார்ப்பதை மட்டும். அதில் நான் வீட்டுக்கடன் கட்டுகிறேனா, கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறேனா என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்றும் விடமுடியாது. இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் பணம் பற்றிய கல்வி 2014 செப்டம்பரில் இருந்து உயர்நிலைப் பள்ளியின் குடியியல் பாடத்துக்குள் இருக்கிறது. ஆனால் அகாடமிப் பள்ளிகள் தேசியப் பாடத்திட்டத்தை அப்படியே பின்பற்ற வேண்டிய கட்டாயம் இல்லாமல்தான் இவ்வளவு காலமும் நடந்து வந்திருக்கின்றன. எங்கள் பிள்ளைகளில் நிறையப் பேர் போவது அங்கேதான். அதே நேரம், 2013இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டேவிட் வைட்பிரெட், சூ பிங்கம் இருவரும் எழுதிய அறிக்கை ஒன்றை வைத்து "ஏழு வயதுக்குள் பணப் பழக்கம் முடிந்துவிடும்" என்று பத்திரிகைகள் எழுதின. அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அது புதிதாகப் பிள்ளைகளை அளந்த ஆய்வு இல்லை. முன்னைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பொறுத்திருப்பது, திட்டமிடுவது போன்ற அடிப்படைகள் சின்ன வயதிலேயே வரத் தொடங்குகின்றன என்பதுதான் அதன் சாரம். என் மகளுக்கு ஏழு தாண்டி நாலு வருடம். இப்போதும் நன்றாகத்தான் பழகுகிறாள்.

280 சதுர மீட்டர்

டூட்டிங்கில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி. பாடம் நடத்தத் தனி இடம் தேடத் தேவையில்லை. 1930களில் தொடங்கிய மூடிய சந்தை ஒன்று, அதைவிட இன்னொன்று. வெளியே நகைக்கடை, சேலைக்கடை, மரக்கறிக்கடை, இடையில் இரண்டு மூன்று சுப்பர்மார்க்கெட். ஒரே வெண்டிக்காயை நாலு விதமாக விற்கிறார்கள்: கிலோ விலை, பக்கெட் விலை, கிண்ண விலை, "எடுங்கோ அண்ணா, சேர்த்துப் போடுறன்" விலை.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்ததும் இரண்டு பேருக்கும் பத்துப் பத்துப் பவுண் தாளாகக் கொடுத்து, வீட்டுச் சாமான் பட்டியலைப் பாதியாகப் பிரித்துக் கொடுக்கிறேன். தாளாகத்தான் கொடுக்கிறேன், கார்ட்டில் மிச்சம் தெரியாது. மிச்சக் காசு அவர்களுக்கு. முதல் வாரம் மகன் இருப்பதிலேயே மலிவான தேங்காய்ப்பாலை எடுத்துக்கொண்டு வந்தான், சொதி தண்ணீராய் இருந்தது, அவனும் அதைத்தான் சாப்பிட்டான். அடுத்த வாரம் டின்னைத் திருப்பித் தேங்காய் எத்தனை வீதம் என்று பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பெரிய சுப்பர்மார்க்கெட்டில் தட்டு விலைச்சீட்டின் மூலையில் சின்ன எழுத்தில் "100 கிராமுக்கு இவ்வளவு" என்று இருக்கும். அலகு விலை. பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டியது அந்தச் சின்ன எழுத்துத்தான். ஆனால் எங்கள் தமிழ்க் கடைகளில் அது இருக்காது. ஏன் என்று தேடினால் 2004ஆம் ஆண்டின் விலை குறித்தல் ஆணையில் விடை இருக்கிறது: 280 சதுர மீட்டருக்குக் குறைந்த சின்னக் கடைகள் பக்கெட் பொருட்களுக்கு அலகு விலை போடத் தேவையில்லை. அதாவது எங்கள் கடையில் வகுத்தல் கணக்கை நாங்களே செய்ய வேண்டும். மகனுக்கு அது அலுப்பு. ஆனால் ஒரு நாள் சிவப்பரிசி மா வாங்கப் போனபோது ஒரு கிலோ பை 2.49, நாலு கிலோ குடும்பப் பை 10.49. போனை எடுத்து வகுத்துவிட்டு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "அப்பா! பெரிசுதான் விலை கூட!" என்றான். கிலோ 2.62 வருகிறது. கவுண்டரில் நின்ற அண்ணா சிரித்துவிட்டு, "தம்பி, கணக்கு வாத்தியாரா வரப் போறியோ?" என்று கேட்டார். விலை மாறவில்லை. நாங்கள் நாலு சின்னப் பை வாங்கினோம்.

பெரிய கடையிலும் எல்லாம் சரி என்றில்லை. போட்டி, சந்தைகள் அதிகாரசபை, அதாவது சி.எம்.ஏ., 2023 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையில் அலகு விலை காட்டுவதில் கடைகளுக்குள் ஒழுங்கில்லை என்று சொன்னது. ஒரே வகைப் பொருளில் ஒன்றுக்கு 100 கிராம் கணக்கு, பக்கத்தில் இருப்பதற்குக் கிலோ கணக்கு. அட்டை வைத்திருப்பவருக்குத் தனி விலை என்பது ஏமாற்றா என்று என் மகள் கேட்டாள். ஏமாற்று என்றுதான் எனக்கும் சந்தேகம் இருந்தது. 2024 நவம்பரில் சி.எம்.ஏ. ஏறத்தாழ 50,000 பொருட்களைப் பார்த்து, 92 வீதமானவற்றில் சேமிப்பு உண்மையானதுதான் என்றது. ஆனால் அட்டை விலைதான் எப்போதும் ஆக மலிவு என்று இல்லை, மற்றக் கடையையும் பாருங்கள் என்றும் சேர்த்துச் சொன்னது. சந்தேகப்படுவது மட்டும் புத்திசாலித்தனம் இல்லை, சரிபார்ப்பதும் வேண்டும் என்று அன்றைக்கு இரண்டு பேருமாகப் பேசிக்கொண்டோம்.

தமிழ்நாட்டில் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் குடிமக்கள் நுகர்வோர் மன்றங்கள் இருக்கின்றன. பொட்டலத்தில் எடை, காலாவதி நாள், அதிகபட்ச விலை பார்ப்பது, பில் கேட்டு வாங்குவது எல்லாம் அங்கே பிள்ளைகளுக்குப் பழக்குகிறார்கள். எல்லாப் பள்ளியிலும் உயிரோடு நடக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த எண்ணம் நல்லது. எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளில் "சந்தையில்" என்று ஒரு பாடம் எப்படியும் இருக்கும். அதைப் புத்தகத்தில் வாசிக்காமல் ஒரு நாள் சந்தையிலேயே வைத்தால் தமிழும் வரும், கணக்கும் வரும்.

பட்டனுக்குப் பின்னால்

இனி என் தொழில் சார்ந்த பகுதி. நான் மென்பொருள் பொறியாளர். இணையத்தில் காசு கட்டும் பக்கங்களோடு வேலை. அந்தப் பக்கங்களில் ஒரு பட்டன் எந்த நிறம், எந்த இடம், என்ன சொல் என்பது ஒருவருடைய ரசனையில் வருவதில்லை. ஒரே பக்கத்தை இரண்டு விதமாகச் செய்து, பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு மற்றது என்று காட்டி, எதில் கூடப் பேர் வாங்குகிறார்கள் என்று எண்ணுவார்கள். வென்றது நிற்கும், தோற்றது போகும். இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் மனிதருடைய பலவீனம் எங்கே இருக்கிறது என்று யாரும் யோசிக்காமலே அந்தப் பக்கம் கண்டுபிடித்துவிடும். அதற்கு முன்னால் ஒரு எட்டு வயதுப் பிள்ளையை உட்கார வைக்கிறோம்.

சொன்னால் விளங்காது, செய்தால் விளங்கும். ஒரு மழை ஞாயிறு பிள்ளைகளோடு சேர்ந்து அம்மம்மாவின் முறுக்கு விற்கும் பொய்க் கடை ஒன்றை லப்டொப்பில் செய்தோம். இரண்டு பக்கம். ஒன்றில் படம், விலை, வாங்கு என்ற பட்டன். மற்றதில் அதே படம், அதே விலை, மேலே "3 பை மட்டுமே மிச்சம்", கீழே பின்னோக்கி ஓடும் கடிகாரம். மச்சாள்மார், மச்சான்மார் எல்லோருக்கும் அனுப்பினோம். இரண்டாவது பக்கத்தில் கூடப் பேர் அழுத்தினார்கள். இருபது பேரை வைத்து ஒன்றையும் நிரூபிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். மகளைப் பாதித்தது வேறு. "ஆனா மூண்டு பை எண்டது பொய்தானே அப்பா, அதை நான்தானே ரைப் பண்ணினன்?" ஓம் பிள்ளை, எல்லா இடத்திலும் அதை யாரோ ஒருவர் ரைப் பண்ணியதுதான். சிலது உண்மை, சிலது பொய். குறைந்த நேரம்தான் என்று பொய் சொல்லி விற்பது இந்த நாட்டில் 2008 முதலே சட்டப்படி தடை. இருந்தும் 2024இல் வவ்ச்சர் நிறுவனம் சி.எம்.ஏ.யின் விசாரணைக்குப் பிறகுதான் தன் கடிகாரங்களைத் திருத்த ஒப்புக்கொண்டது.

பிள்ளைகளின் விளையாட்டுகளில் நடந்ததுதான் பெரிய கதை. ஃபோர்ட்நைட்டைச் செய்யும் எபிக் கேம்ஸ் மீது அமெரிக்காவின் எஃப்.டி.சி. வைத்த குற்றச்சாட்டுகளை ஒரு பொறியாளராக வாசித்தபோது எனக்கு வியர்த்தது. தூங்கிக் கிடக்கும் விளையாட்டை எழுப்ப அழுத்திய பட்டனில், லோடிங் திரையில், ஒரு பொருளைச் சும்மா பார்க்க நினைத்தபோது பக்கத்துப் பட்டன் பட்டதில் எல்லாம் காசு போயிருக்கிறது. 2018 வரை பெற்றோரின் சம்மதம் கேட்காமலே பிள்ளைகள் வி-பக்ஸ் வாங்க முடிந்திருக்கிறது. வங்கியில் முறையிட்டவர்களின் கணக்கைப் பூட்டியிருக்கிறார்கள். 2022 டிசம்பரில் எபிக் 24.5 கோடி டொலரை வாடிக்கையாளருக்குத் திருப்பித் தரவும், பிள்ளைகளின் அந்தரங்கத் தகவல் சட்டத்தை மீறியதற்கு 27.5 கோடி டொலர் அபராதம் கட்டவும் இணங்கியது. அதற்கு முன்னரே 2014இல் அப்பிள் குறைந்தது 3.25 கோடி டொலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அங்கே பிரச்சினை பதினைந்து நிமிடம். பெற்றோர் ஒருமுறை பாஸ்வேர்ட் போட்டால் அடுத்த பதினைந்து நிமிடத்துக்குப் பிள்ளை கேட்காமலே வாங்கிக்கொண்டு போகலாம் என்பதைச் சொல்லவில்லை. இங்கேயும் அந்த வருடமே நியாய வர்த்தக அலுவலகம் விளையாட்டு நிறுவனங்களுக்கு விதிகள் போட்டது: கணக்கு வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமல் காசு எடுக்கக்கூடாது, "வாங்கு", "அம்மாவிடம் கேள்" என்று பிள்ளையை நேரடியாக உந்தக்கூடாது. 2015இல் மோஷி மொன்ஸ்டர்ஸ், பின் வீவில்ஸ் இரண்டையும் விளம்பரத் தர ஆணையம் இதற்காகவே கண்டித்தது.

ஆகவே முதல் வேலை போனில். வாங்குவதற்கு முன் பெற்றோரிடம் அனுமதி கேட்கும் அமைப்பு அப்பிளிலும் கூகுளிலும் இருக்கிறது. இன்று இரவே போட்டுவிடுங்கள், கட்டுரையைப் பிறகு வாசிக்கலாம்.

ஆனால் பூட்டு மட்டும் போட்டால் பிள்ளை பழகுவது பூட்டைத் திறக்கத்தான். வி-பக்ஸ், ரோபக்ஸ் போன்ற பொய்ப் பணங்களின் சூட்சுமத்தை உடைப்பது முக்கியம். பொருளின் விலை 1,200. விற்பது ஆயிரம் ஆயிரமாக என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்டு வாங்க வேண்டும், 800 மிச்சம் கிடக்கும், அந்த மிச்சம் "என்னைச் செலவழி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் ஒரே ஒரு விதி: என்ன வாங்குவதென்றாலும் அதன் விலையைப் பவுணில், தன் கையெழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்ட வேண்டும், அடுத்த நாளும் வேண்டும் என்றால் வாங்கலாம், தன் காசில். மகன் ஒட்டியவற்றில் பாதிக்கு மேல் அடுத்த நாள் அவனே கிழித்துவிட்டான். மீதியை வாங்கினான். ஒரு டிராகன் சட்டைக்குப் பத்துப் பவுண் ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவனுக்குப் பிடித்திருக்கிறது, அவன் காசு.

பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமல் வாங்கும் லூட் பொக்ஸ் வேறு விஷயம். அதில் நான் கறார். பெல்ஜியம் 2018இல் அதைச் சூதாட்டம் என்று தீர்மானித்துத் தடுத்தது. பிரித்தானிய அரசு 2022 ஜூலையில் சூதாட்டச் சட்டத்தை அதற்காக மாற்றப்போவதில்லை என்று சொல்லிவிட்டது. மிச்சம் ரோட்டில் பழைய கிரனடா தியேட்டர் இருக்கிறதே, 1931இல் கட்டிய அரண்மனை மாதிரிக் கட்டடம், பிறகு பிங்கோ மண்டபமானது. அதற்கு முன்னால் நின்றுதான் மகனுக்கு விளக்கினேன். உள்ளே போய்ப் பிங்கோ விளையாட உனக்குப் பதினெட்டு வயது வேண்டும். காசு போட்டால் என்ன வரும் என்று தெரியாது, அதனால்தான். உன் கால்பந்து விளையாட்டில் பொதி திறக்கிறாயே, அதுக்கு என்ன வயது? அவன் கட்டடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "ஆனா அதில பிளேயர் வருவார் அப்பா" என்றான். விவாதம் இன்னும் முடியவில்லை.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் எங்களைப் பார்க்கிறார்கள். சாமத்தியச் சடங்குக்குக் குதிரை வண்டி, ட்ரோன் கமரா, மூன்று தரம் மாற்றச் சேலை, எல்லாம் கடனில். அந்த மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு "ஏன் பிள்ளை அந்த விலையில சப்பாத்துக் கேட்கிறாய்?" என்று கேட்டால் அவர்கள் வாயால் பதில் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான். செலவு செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு போனது, அதற்கு எத்தனை மாதம் வேலை செய்தோம் என்று பிள்ளைகளுக்கு முன்னால் கதையுங்கள். அந்தக் கணக்கை ஒளிக்கிறோம். விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுப் பரிசு கொடுக்கிற பழக்கம் எங்களுக்கு வீட்டுக்குள்ளும் இருக்கிறது.

திருப்பிக் கொடுப்பது

மகள் பிறந்தநாள் காசில் 24 பவுணுக்கு ஒரு ஹெட்போன் வாங்கினாள். மூன்றாவது வாரம் இடது காது நின்றுவிட்டது. கடைக்குக் கொண்டுபோனோம். தயாரித்த கம்பனிக்கு எழுதுங்கோ என்றார்கள். எனக்கு வாய் வரை வந்தது, விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது என்று இரண்டு பேருமாக வாசித்தோம். ஒப்பந்தம் கடையோடுதான், கம்பனியோடு இல்லை. பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுக் காசும் கேட்கலாம். அதற்குப் பிறகு ஆறு மாதம் வரை பழுது வந்தால் அது வாங்கும்போதே இருந்தது என்றுதான் கொள்வார்கள். இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர். ஒருமுறை திருத்தவோ மாற்றவோ விட்டும் சரிவராவிட்டால் காசு கேட்கலாம். இணையத்தில் வாங்கினால் பொருள் பழுதே இல்லாவிட்டாலும், சில விதிவிலக்குகள் தவிர, கைக்கு வந்து 14 நாளுக்குள் மனம் மாறலாம். அப்பாவின் கிரெடிட் கார்ட்டில் 100 பவுணுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருள் என்றால் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 75ஆம் பிரிவில் வங்கியும் பொறுப்பு.

மின்னஞ்சலை அவள்தான் எழுதினாள். முதல் வரைவில் மூன்று இடத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தாள். இது எங்கள் வளர்ப்பு. கடைக்காரரைக் கோபப்படுத்தக்கூடாது, பெரியவரை எதிர்த்துக் கதைக்கக்கூடாது. மரியாதை வேண்டும், மன்னிப்பு ஏன் என்று கேட்டேன். அழித்தாள். வாங்கிய நாள், பழுதான நாள், சட்டத்தின் பெயர், கேட்பது என்ன, எத்தனை நாளுக்குள் பதில். ஐந்து வரி. பதில் வரவில்லை. பத்தாவது நாள் இரண்டாவது அனுப்பினாள், முதலாவதையும் இணைத்து. அடுத்த நாள் 24 பவுணும் வந்தது.

ஊரில் இருக்கும் மச்சானுக்கு 1977 மாதிரி, இங்கே எங்களுக்கு சிட்டிசன்ஸ் அட்வைஸின் நுகர்வோர் எண் 0808 223 1133, இலவசம். என் மகள் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் தம்பியின் டிராகன் சட்டை விலைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். போன வாரம் அம்மம்மாவின் போனில் "இலவசமாக ஏழு நாள்" என்று தொடங்கிய ஒரு ஜாதகச் செயலி நாலு மாதமாகக் கிழமைக்கு 4.99 எடுத்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். வங்கிக் கணக்கு விவரத்தை அம்மம்மாவுக்கு வரி வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது. செயலியை நிறுத்தியாயிற்று. காசு கேட்கும் கடிதம் இரண்டாவது வரைவில் இருக்கிறது.